புலால் உண்ணாதார்க்கும் கௌட் வருமோ?

கௌட் என்னும் மூட்டுநோய் புலாலும் மதுவும் உட்கொள்வோரையே பற்றும் என எண்ணுகிறோம். அஃது உண்மையன்று. யூரிக் அமிலத்தில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு நம் உடலிலேயே உண்டாகிறது. சிறுநீரகம் அதனைப் போதிய அளவு வெளியேற்றாவிடில், மூட்டுகளில் ஊசி போன்ற படிகங்களாகப் படியும். பெரும்பாலும் கால் பெருவிரல் இரவில் திடீரென வீங்கிச் சிவந்து வலிக்கும்.

பருப்பு வகைகளை அஞ்ச வேண்டுவதில்லை. இனிப்பு மிகுந்த குளிர்பானங்களையும் உடற்பருமனையும் தவிர்ப்போம். நீரும் அருந்தாத நெடிய உபவாசம் அமிலத்தை உயர்த்தும். எனவே இந்நோயுடையோர் மருத்துவரைக் கேட்டறிந்த பின்னரே நோன்பு ஏற்றல் நன்று. வலி நின்றது கண்டு மருந்தைத் தாமே நிறுத்தலாகாது. சக்திக்கேற்ற தவத்தையே நம் அறமும் போற்றுகிறது என்பதை நினைவிற் கொள்வோம்.