மரக்குடிசையும் மௌனமும்

அன்புள்ள மீனாட்சி,

தேர்தல் பிரசாரக் குழுவில் விளம்பர வேலைக்குச் சேர்ந்திருக்கிறாய் என்று உன் அம்மா சொன்னாள். மகிழ்ச்சி. வேலையில் மூழ்குவதற்கு முன், 1840-ம் ஆண்டு நடந்த அமெரிக்க அதிபர் தேர்தலைப் படித்துவிடு.

விக் கட்சி வேட்பாளர் வில்லியம் ஹென்றி ஹாரிசனுக்கு அப்போது வயது 67. ஒரு பீப்பாய் ஆப்பிள் மதுவும் பென்ஷனும் கொடுத்தால் மனிதர் மரக்குடிசையில் முடங்கிவிடுவார் என்று எதிரணிப் பத்திரிகை ஒன்று ஏளனம் செய்தது. விக் கட்சியினர் அந்தக் குடிசையையே சின்னமாக்கினார்கள். ஊர்வலம், பாட்டு, பதக்கம் எல்லாவற்றிலும் மரக்குடிசை. ஹாரிசன் பிறந்ததோ வர்ஜீனியாவில் ஒரு பண்ணை மாளிகையில். அவரை எதிர்த்து நின்ற, சொகுசுக்காரர் என்று தூற்றப்பட்ட அதிபர் வான் பியூரன்தான் சத்திரக்காரரின் மகன்.

1837-ல் வங்கிகள் நொடித்ததால் மக்கள் தவித்த காலம் அது. தேசிய வங்கி வேண்டுமா, வேண்டாமா? அக்கால வழக்கப்படி வாக்காளர்கள் கடிதம் எழுதிக் கேட்டார்கள். இத்தகைய கடிதங்களுக்கான பதில்கள் பத்திரிகையில் வரும். வான் பியூரன் நீண்ட பதில்கள் எழுதினார். ஹாரிசனுக்கு வந்த கடிதம் ஒன்றுக்கோ ஒரு குழு பதில் எழுதியது: அவர் புதிதாக எதையும் அறிவிக்கமாட்டார். கொள்கை பற்றி அவரை வாய்திறக்க விடாதீர்கள் என்று வங்கியாளர் நிக்கலஸ் பிடில் 1835-லேயே யோசனை சொல்லியிருந்தார். கட்சியும் தேர்தல் அறிக்கை வெளியிடவில்லை.

வாக்குரிமை பெற்றிருந்தோரில் சுமார் 80 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். 234-க்கு 60 என்ற தேர்வாளர் வாக்குகளில் ஹாரிசன் வென்றார். உன் தொழிலின் வலிமை இது. அதைக் குறைத்து மதிப்பிடாதே.

1841 மார்ச் 4-ல் பதவியேற்றவர் ஏப்ரல் 4-ல் இறந்துபோனார். துணை அதிபர் டைலர் அதிபரானார். சொந்தக் கட்சியின் வங்கி மசோதாக்களை இரண்டு முறை நிராகரித்தார். வெப்ஸ்டர் என்ற ஒருவரைத் தவிர அமைச்சர்கள் எல்லோரும் விலகினார்கள். கட்சி அவரை வெளியேற்றியது. ‘இதற்குத்தானே மக்கள் வாக்களித்தார்கள்’ என்று எடுத்துக்காட்ட கட்சியினர் கையில் ஒரு தாள்கூட இல்லை. மௌனம் வாக்காளரை மட்டுமல்ல, வென்றவர்களையும் கவிழ்த்தது.

ஆகவே மீனா, படம் வரையும் முன் வேட்பாளருடன் உட்கார். மக்கள் அதிகம் கேட்கும் கேள்விகளுக்கு அவர் பதிலை எழுத்தில் வாங்கு. அந்தப் பதிலிலிருந்து உன் சின்னமும் வாசகமும் பிறக்கட்டும். எழுதித் தர மறுப்பவருக்கு உன் திறமையைக் கொடுக்காதே.

அன்புடன்,
உன் மாமா