மணிக்கட்டுப் பட்டை காட்டும் எண்ணும் மூளை அறுவைக்குப் பின்னான நடையும்

மூளை அறுவைக்குப் பின் மறுபரிசோதனைக்கு வருவோரில் சிலர் இப்போது ஸ்மார்ட் வாட்ச் அணிந்து வருகின்றனர். வெளியூரில் பணிபுரியும் பிள்ளைகள் வாங்கி அனுப்பியதாக இருக்கும். "எண்ணூறு காலடிக்கு மேல் ஏறவில்லையே, பத்தாயிரம் எப்போது வரும்?" என்பதே துணையிருப்போரின் கவலை.

அந்தப் பத்தாயிரம் மருத்துவர் விதித்த அளவன்று. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானிக்கு 'மான்போ-கே', அதாவது 'பத்தாயிரம் காலடி அளவி' என்று பெயர் சூட்டினர். அந்த விற்பனைப் பெயரே பின்னர் உலகெங்கும் இலக்காகிவிட்டது. மண்டையோட்டைத் திறந்து தைத்து இரண்டு வாரமே ஆனவருக்கு அவ்வெண்ணோடு எவ்வித உறவும் இல்லை. அவர் தம்மைத் தமது சென்ற வாரத்தோடு ஒப்பிட்டால் போதும். எண்ணை நிறைவு செய்வதற்காக இரவில் தனியே தள்ளாடி நடப்பது வீழ்ச்சிக்கே வழி.

இக்கருவி காலைப் பார்ப்பதில்லை. உள்ளிருக்கும் சிறு உணரி, கைவீச்சைக் கொண்டே காலடியை ஊகிக்கிறது. திருவதிகை வீரட்டானேசுவரர் கோயிலைக் கைகூப்பியவாறு மெல்ல வலம் வருபவர் நன்றாகவே நடந்திருப்பார். கருவியோ அவற்றுட் பல காலடிகளை எண்ணாமல் விட்டிருக்கும். வாக்கரைப் பிடித்து நடப்பவர் நிலையும் அதுவே. அத்தகையோர் பட்டையைக் கணுக்காலில் கட்டினால் கணக்கு உண்மைக்கு நெருங்கி வரும். மாறாக, பண்ருட்டியிலிருந்து பேருந்தில் குலுங்கி வருபவருக்கு நடவாத காலடிகளும் கணக்கில் ஏறலாம். ஒரு பக்கம் தளர்ந்தவர் வலுவுள்ள கையிலேயே அணிக. எங்கு அணிந்தாலும் நாள்தோறும் அதே இடத்தில் அணிவது இன்றியமையாதது. இல்லையேல் ஒப்பீடு பொருளற்றதாகிவிடும்.

எண்ணிக்கை எவ்வளவு விரைவாகக் கூடுகிறது என்பதைவிட, கூடிவந்தது காரணமின்றிக் குறையத் தொடங்குவதையே நாங்கள் கவனமாகப் பார்க்கிறோம். சித்திரை வெயிலாலோ உறக்கமின்மையாலோ ஒரு நாள் குறைவது இயல்பு. இரண்டு மூன்று நாள் தொடர்ந்து குறைந்து, பகலுறக்கம் மிகுந்து, கால் இழுபட்டு, பேச்சும் தடுமாறினால் அடுத்த மறுபரிசோதனை நாள்வரை காத்திராமல் உடனே மருத்துவமனையை அழையுங்கள். மண்டையோட்டினுள் மெல்லச் சேரும் இரத்தம், மூளையில் நீர்த்தேக்கம், இரத்தத்தில் சோடியம் குறைதல் ஆகியவை இவ்வாறு ஓசையின்றித் தொடங்குவதுண்டு. எண்ணிக்கையோடு பகலில் உறங்கிய நேரத்தையும், துணையின்றி நடந்தாரா என்பதையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்தால் எங்களுக்குப் பேருதவி.

வலிப்பு, நினைவு மங்கல், ஓயாத வாந்தி, மேன்மேலும் கூடும் தலைவலி, கைகாலில் திடீர்த் தளர்ச்சி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் கருவியைப் பார்த்துக்கொண்டிராமல் 108-ஐ அழையுங்கள். நாடித்துடிப்பு சீராக இருப்பதாக அது அப்போதும் காட்டக்கூடும். காய்ச்சலோ தையலில் நீர்க்கசிவோ கண்டால் அன்றே வந்து காட்டுங்கள்.

நீர்த்தேக்கத்திற்காக ஷன்ட் குழாய் பொருத்தப்பட்டவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. சில ஷன்ட் வால்வுகளின் அழுத்தம் காந்தத்தால் மாற்றியமைக்கப்படுவது. சில வாட்ச்களிலும் அவற்றின் சார்ஜர்களிலும் காந்தம் உண்டு. வால்விலிருந்து குறைந்தது 5 செ.மீ. தள்ளியே அவை இருக்க வேண்டும். தலைக்குக் கை வைத்து உறங்கும் பழக்கமுள்ளவர்கள் படுக்குமுன் வாட்சைக் கழற்றிவிடுக. அன்றிரவின் உறக்கக் கணக்கு விடுபட்டுப்போவதில் நட்டமில்லை.