கையெழுத்துக்கு முன் ஒரு கணக்கு



போன மாதம் நம் சனிக்கிழமை வகுப்பு முடிந்து, கோயில் மண்டபத்தில் நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தோம். அப்போது ஒரு தம்பி மெதுவாகப் பக்கத்தில் வந்தார். "அண்ணே, கம்பெனியில ஆளைக் குறைக்கப் போறாங்களாம். 'மாசச் சம்பளத்தை விட்டுட்டு கமிஷனுக்கு மாறிக்கோ, உன்னை வச்சுக்கிறோம்'னு பாஸ் சொல்றாரு. மாறலாமா?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. இதே கேள்வி 2023-இல் என் வீட்டுக்கும் வந்தது. அப்போது நான் செய்த கணக்குதான் இந்த மாதப் பாடம். பேனாவும் தாளும் எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் என் அம்மாவைப் பற்றிக் கொஞ்சம். அவர் கம்போங் ராஜா பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். கூலி கிலோவுக்கு இவ்வளவு என்று. யோசித்துப் பாருங்கள், அதுவும் ஒரு வகைக் கமிஷன்தான். எடுத்தால் காசு, எடுக்காவிட்டால் இல்லை. மழை நல்லபடியாக விட்டுவிட்டுப் பெய்து வெயிலும் அடித்தால் செடி துளிர்த்துக்கொண்டே இருக்கும், கூடை நிறையும். பனியும் குளிரும் நீண்டுவிட்டால் செடி அப்படியே நிற்கும். அந்த மாதங்களில் மளிகைக் கடைப் புத்தகத்தில் எங்கள் பக்கம் மட்டும் நீண்டுகொண்டே போகும். அம்மா சொல்வார்: "கொழுந்து வர்ற மாசம் நாம ராஜா. வராத மாசம் கடைக்காரன் ராஜா."

தோட்டத் தொழிலாளிகள் மாதச் சம்பளத்துக்காக எத்தனையோ வருஷம் போராடியதன் காரணம் இதுதான். வெயில், மழை, சந்தை விலை எதுவும் தொழிலாளி கையில் இல்லை. ஆனால் அதன் நஷ்டம் மட்டும் அவன் வீட்டு அடுப்பில் வந்து உட்காரும். 2013 ஜனவரி 1-ஆம் தேதி குறைந்தபட்சச் சம்பளம் நடைமுறைக்கு வந்தபோது தீபகற்பத்தில் அது 900 வெள்ளி. இப்போது 1,700 வெள்ளி. இதில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் உண்டு. அடிப்படைச் சம்பளம் இல்லாமல் கிலோ கணக்கிலோ, டிரிப் கணக்கிலோ, கமிஷனிலோ மட்டும் கூலி வாங்கும் *ஊழியருக்கும்* மாத வருமானம் அந்தத் தொகைக்குக் கீழே போகக் கூடாது என்று அந்தச் சட்ட ஆணையே சொல்கிறது. 'ஊழியருக்கு' என்ற சொல்லுக்குக் கோடு போட்டு வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதற்கு வருகிறேன்.

இனி என் கதை. நான் இங்கே உரம், பூச்சி மருந்து விற்கும் ஒரு நிறுவனத்தில் ஒன்பது வருஷம் விற்பனையாளராக இருந்தேன். காய்கறித் தோட்டம் தோட்டமாகப் போய் ஆர்டர் எடுப்பது வேலை. மாதம் 2,600 வெள்ளி. பெட்ரோலும் வண்டிச் செலவும் கம்பெனி கணக்கு. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் என்னையும் கூட வேலை செய்த நண்பரையும் கூப்பிட்டார்கள். கையில் ஆளுக்கு இரண்டு தாள். முதல் தாளில், நான் சொந்த விருப்பத்தில் வேலையிலிருந்து விலகுகிறேன் என்று இருந்தது. இரண்டாவது தாளில், மறுநாளிலிருந்து நான் 'சுயேச்சை ஏஜெண்ட்', வசூலான விற்பனையில் 6 விழுக்காடு கமிஷன் என்று இருந்தது. "திங்கக்கிழமைக்குள்ள சைன் பண்ணிக் குடுங்க. இல்லன்னா ஆட்குறைப்புதான்."

பயம் வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அன்றைக்கு இராத்திரி சோறு இறங்கவில்லை. மகள் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு, அம்மாவுக்கு மாதா மாதம் மருந்து, கார் கடன் இன்னும் மூன்று வருஷம். மனைவிதான் சொன்னார்: "திங்கக்கிழமை வரைக்கும் நேரம் இருக்குல்ல? உங்க பழைய ஆர்டர் புத்தகத்தையெல்லாம் எடுங்க."

மூன்று வருஷப் புத்தகம் இருந்தது, முப்பத்தாறு மாதம். சராசரி விற்பனை மாதம் 55,000 வெள்ளி வந்தது. 6 விழுக்காடு என்றால் 3,300. எனக்கு முகம் மலர்ந்துவிட்டது. சம்பளத்தைவிட 700 வெள்ளி கூட!

"பெட்ரோல் யாரு போடுறது?" என்று கேட்டார் மனைவி.

வண்டிச் செலவு எப்படிப் பார்த்தாலும் 600. மீதி 2,700. இன்னும் 100 வெள்ளி லாபம்தானே என்றேன். அப்புறம்தான் இபிஎஃப் ஞாபகம் வந்தது. 5,000 வெள்ளிவரை சம்பளம் வாங்குபவருக்கு முதலாளி தன் பங்காக 13 விழுக்காடு கட்ட வேண்டும். எனக்கு அது மாதம் 338 வெள்ளி. ஆக என் பழைய வேலையின் உண்மையான மதிப்பு 2,938. ஏஜெண்ட் வேலை 2,700. சொக்சோவை இன்னும் சேர்க்கவில்லை. ஐந்து வருஷம் தாண்டியவருக்கு வருஷத்துக்கு 16 நாள் சம்பள விடுப்பு, 22 நாள் மருத்துவ விடுப்பு உண்டு. ஏஜெண்டுக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைக்கு வருமானம் பூஜ்யம்.

ஆனால் சராசரியை வைத்து யாரும் சாப்பிடுவதில்லை. அதனால் அடுத்து, அந்த முப்பத்தாறு மாதத்தில் மிக மட்டமான மூன்றைத் தேடினேன். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியது ஞாபகம் இருக்கிறதா? லாரி ஓடவில்லை, சந்தை திறக்கவில்லை, நம் மேட்டில் முட்டைக்கோஸையும் தக்காளியையும் கொட்டிக் குவித்தார்கள். விளைச்சலைக் கொட்டுகிறவர் உரம் வாங்குவாரா? அந்தக் காலத்தைக் கணக்கில் சேர்க்காமலேயே என் மட்டமான மாதம் 28,000 வெள்ளி. கமிஷன் 1,680. வண்டிச் செலவு போக 1,080. எங்கள் வீட்டுச் செலவு 2,150. அப்படி மூன்று மாதம் அடுத்தடுத்து வந்தால் அம்மாவின் மளிகைக் கடைப் புத்தகம் மறுபடி திறக்க வேண்டியதுதான்.

இன்னொரு சொல்லை நான் இரண்டு தடவை படித்துவிட்டும் கவனிக்கவில்லை. 'வசூலான' விற்பனை. நம் விவசாயிகள் மருந்தைக் கடனில் எடுத்து, அறுவடை முடிந்துதான் பணம் தருவார்கள். இரண்டரை மாதம், மூன்று மாதம் ஆகும். அப்படியானால் முதல் மூன்று மாதம் எனக்குக் கமிஷன் கிட்டத்தட்ட ஒன்றும் இருக்காது. தவுக்கே ஒருவர் கடன் கட்டாமல் ஓடிவிட்டால் என் உழைப்பும் அவரோடு ஓடிவிடும்.

அடுத்தது சட்டம். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நம் பிள்ளைகள் ஏமாறுவது இங்கேதான்.

ஆட்குறைப்பு என்ற சொல்லைக் கேட்டதும் நாம் நடுங்குகிறோம். ஆனால் ஆட்குறைப்புக்கு உரிமைகள் உண்டு, விலகல் கடிதத்துக்கு அவை இல்லை. ஐந்து வருஷத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும், குறைந்தது எட்டு வாரம் முன்னறிவிப்புத் தர வேண்டும். இரண்டு முதல் ஐந்து வருஷம் என்றால் ஆறு வாரம், அதற்குக் கீழே நான்கு வாரம். 1980-ஆம் ஆண்டு விதிமுறைப்படி இழப்பீடும் உண்டு. ஒரு வருஷமாவது தொடர்ந்து வேலை செய்திருந்தால், இரண்டு வருஷத்துக்குக் கீழே உள்ளவருக்கு ஒவ்வொரு வருஷச் சேவைக்கும் 10 நாள் சம்பளம், இரண்டு முதல் ஐந்து வருஷம் வரை 15 நாள், அதற்கு மேல் 20 நாள். மாதம் 4,000 வெள்ளிக்குள் வாங்குபவருக்கு இது பொருந்தும்.

எனக்குப் போட்டுப் பார்த்தேன். வருஷச் சம்பளம் 31,200, அதை 365-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 85 வெள்ளி 48 காசு. ஒன்பது வருஷத்துக்கு 180 நாள். மொத்தம் 15,386 வெள்ளி. அந்த முதல் தாளில் கையெழுத்துப் போட்டிருந்தால் இது போயிருக்கும்.

வேலைக் காப்புறுதியும் போயிருக்கும். 2018-இலிருந்து நம் சம்பளத்தில் அதற்கென்று சின்னத் தொகை பிடிக்கிறார்கள், சம்பளச் சீட்டில் 'எஸ்ஐபி' என்று பார்த்திருப்பீர்கள். வேலை போனால் முதல் மாதம் பழைய சம்பளத்தில் 80 விழுக்காடு, பிறகு படிப்படியாகக் குறைந்து ஆறு மாதம்வரை கிடைக்கும். 60 நாளுக்குள் பெர்கேசோவிடம் விண்ணப்பிக்க வேண்டும். தானாக வேலையை விட்டவருக்கு இது கிடையாது. கையில் விலகல் கடிதம் இருந்தால் அங்கே போய் என்ன கதை சொன்னாலும் எடுபடாது.

"ஆனா அண்ணே, அவங்க கமிஷன் வேலை குடுத்தும் நாம வேணாம்னு சொல்லிட்டா, இழப்பீடு இல்லன்னு சொல்வாங்களே?" என்று அந்தத் தம்பி கேட்டார். நல்ல கேள்வி. பழைய வேலைக்குக் குறையாத நிபந்தனைகளோடு புது ஒப்பந்தம் கொடுத்து, நாம் காரணமில்லாமல் மறுத்தால்தான் இழப்பீடு போகும். நிலையான சம்பளத்தை எடுத்துவிட்டு வெறும் கமிஷன் தருவதை 'குறையாத நிபந்தனை' என்று சொல்வது சுலபமில்லை.

ஊழியராகவே இருந்துகொண்டு கமிஷனுக்கு மாறினால் அந்த 1,700 வெள்ளி தரை நம் காலடியில் இருக்கும், இபிஎஃப் சொக்சோவும் தொடரும். 'ஏஜெண்ட்' ஆனால் தரை இல்லை. ஆனால் தாளில் ஏஜெண்ட் என்று எழுதிவிட்டால் மட்டும் ஏஜெண்ட் ஆகிவிட மாட்டோம். 2023 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள வேலைச் சட்டத் திருத்தம், வேலை நேரத்தையும் செய்யும் விதத்தையும் முதலாளி கட்டுப்படுத்துகிறாரா, கருவிகளை அவர் தருகிறாரா என்பதையெல்லாம் பார்த்து, எழுத்தில் ஒப்பந்தம் இல்லாத இடத்தில் ஊழியர் என்று அனுமானிக்க இடம் தருகிறது. எழுத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால் பிறகு வாதாடுவது கஷ்டம்.

ஊழியராக மாறினாலும் ஒரு பொறி உண்டு. இழப்பீடு கடைசிப் பன்னிரண்டு மாதச் சம்பளச் சராசரியில் கணக்கிடப்படுகிறது. இன்றைக்குக் கமிஷனுக்கு மாறி, வருமானம் 1,800-க்கு இறங்கி, ஒரு வருஷம் கழித்து ஆட்குறைப்பு வந்தால், ஒன்பது வருஷ உழைப்புக்கும் அந்த 1,800-தான் அளவுகோல்.

நம் சம்மதமில்லாமல் சம்பளத்தை மாற்றி எழுதினால், அதை வேலை நீக்கமாகவே எடுத்துக்கொண்டு வெளியேறி வழக்குப் போடவும் வழி இருக்கிறது. 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் மனுக் கொடுக்க வேண்டும். ஆனால் இது கத்திமேல் நடப்பது. புதுச் சம்பளத்தை நாலைந்து மாதம் சத்தமில்லாமல் வாங்கிவிட்டு அப்புறம் முறையிட்டால் 'நீயே ஒத்துக்கிட்டியே' என்பார்கள். வெளியேறுவதற்கு முன் தொழிலாளர் இலாகாவிலோ வக்கீலிடமோ கேட்டுவிடுங்கள்.

திங்கட்கிழமை நான் கையெழுத்துப் போடவில்லை. சண்டையும் போடவில்லை. "விலகல் கடிதம் குடுக்க முடியல பாஸ். ஆட்குறைப்புன்னா அந்தக் கடிதத்தைக் குடுங்க" என்று மட்டும் சொன்னேன். குரல் நடுங்கியது. இரண்டு வாரம் யாரும் என்னோடு சரியாகப் பேசவில்லை. அப்புறம் கடிதம் வந்தது, எட்டு வாரமும் வேலை செய்தேன், இழப்பீடும் வந்தது. பெர்கேசோ பணம் முதல் மாதம் ஏறக்குறைய 2,000 வெள்ளி. ஐந்தாவது மாதம் வேறொரு கடையில் சேர்ந்தேன், அடிப்படைச் சம்பளம் 1,800, அதற்கு மேல் கமிஷன். பழைய வேலையைவிடக் குறைவுதான், மறைக்க ஒன்றுமில்லை.

நண்பர் கையெழுத்துப் போட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். சீன மொழி நன்றாகப் பேசுவார், தனி ஆள், சேமிப்பும் இருந்தது, அவரைத் தேடி ஆர்டர் வரும். சீனப் புத்தாண்டுக்கு முந்தைய மாதங்களில் 5,000 வெள்ளிக்கு மேல் எடுத்தார். என்னைப் பார்த்துச் சிரித்தார், நானும் சிரித்தேன். 2024 ஜூன் 10-இல் டீசல் ஒரே நாளில் 2.15-லிருந்து 3.35 வெள்ளி ஆனபோது அவருடைய நான்கு சக்கர வண்டிச் செலவு ஏறியது, கமிஷன் அதே 6 விழுக்காடுதான். வீடு வாங்க வங்கிக்குப் போனார், சம்பளச் சீட்டு இல்லாததால் ஒரு வருஷக் கணக்கைக் கொண்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். இன்றும் அந்த வேலையில்தான் இருக்கிறார், பிடித்துத்தான் செய்கிறார். இழப்பீட்டுப் பேச்சு வந்தால் மட்டும் டீயைக் கலக்கிக்கொண்டே இருப்பார்.

வகுப்பில் செய்து பார்க்க: உங்கள் வீட்டில் சம்பளம் வாங்கும் ஒருவரின் சம்பளச் சீட்டை எடுங்கள். முதலாளி கட்டும் இபிஎஃப்பைச் சேர்த்து உண்மையான மாத மதிப்பை எழுதுங்கள். அவர் எத்தனை வருஷம் வேலை செய்தார் என்று கேட்டு, இன்றைக்கு ஆட்குறைப்பு வந்தால் எத்தனை நாள் சம்பளம் என்று போடுங்கள். பெரும்பாலான வீடுகளில் அந்த எண்ணை யாரும் இதுவரை போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அந்தத் தம்பி அடுத்த சனிக்கிழமை தன் விற்பனைப் புத்தகத்தோடு வந்தார். நான்கு வருஷச் சேவை, அதாவது 60 நாள் சம்பளமும் ஆறு வார முன்னறிவிப்பும். அவருடைய மட்டமான மாதம் வீட்டு வாடகைக்கும் மோட்டார் சைக்கிள் கடனுக்கும் சரியாகப் போதும், சாப்பாட்டுக்குப் போதாது. இருவரும் உட்கார்ந்து நிறுவனத்துக்கு ஒரு சின்னக் கடிதம் எழுதினோம். கமிஷனுக்கு மாறினால் நான் ஊழியரா, ஏஜெண்டா? கமிஷன் விற்றதுக்கா, வசூலானதுக்கா? என் நான்கு வருஷச் சேவை தொடருமா? பதிலை எழுத்தில் தரவும் என்று முடித்தோம். புதன்கிழமை கொடுத்தார். இதை நான் எழுதும் வரை பதில் வரவில்லை.