பாடம் 5: ஊருக்குப் போய்வர எந்த வழி?

1990 ஒக்டோபரில் மன்னாரிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களில் பலர் படகேறிக் கற்பிட்டியில் வந்திறங்கினார்கள். அன்று வழியைத் தெரிவு செய்யும் வாய்ப்பு எவருக்கும் இருக்கவில்லை. இன்று உங்களுக்கு இருக்கிறது.

மீள்குடியேற்றம் ஒரே பயணத்தில் முடிவதில்லை. காணியைப் பார்க்க, பற்றையை வெட்ட, பிரதேச செயலகத்தில் பதிய, பிறகு சாமான்களை ஏற்ற என்று பல தடவை போய்வர வேண்டும். ஒவ்வொரு தடவையும் பணத்தோடு ஒரு நாள் கூலியும் போகிறது. எனவே "எதில் போவது?" என்று கேட்குமுன் "எதற்காகப் போகிறோம்?" என்று கேளுங்கள்.

பஸ்

மதுரங்குளியிலிருந்து புத்தளம், அநுராதபுரம், மதவாச்சி வழியாக மன்னாருக்குச் சுமார் 200 கிலோமீற்றர். ஒருவரோ இருவரோ பத்திரம் எடுக்க, கூட்டத்துக்குப் போக பஸ்ஸே போதும். முசலிப் பக்கம் போகிறவர்கள் மன்னார் நகர் வரை போகத் தேவையில்லை. முருங்கனில் இறங்கிச் சிலாவத்துறைக்குத் திரும்பலாம். அங்கிருந்து கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று புறப்படுமுன் கேட்டு வையுங்கள்.

எலுவன்குளம் ஊடான பழைய பாதை குறுகியதுதான். ஆனால் அது வில்பத்து தேசிய பூங்காவுக்குள் செல்கிறது; அதுபற்றி நீதிமன்ற வழக்கும் நடந்தது. மழை பெய்தால் கலா ஓயா பாலத்துக்கு மேலால் பாயும். அதை நம்பிப் பயணத்தைத் திட்டமிட வேண்டாம்.

ரயில்

மதுரங்குளியில் ரயில் நிலையம் இருக்கிறது. ஆனால் புத்தளம் பாதை வடக்குப் பாதையோடு நேரே சேரவில்லை. இங்கிருந்து ரயிலிலேயே மன்னாருக்குப் போவதென்றால் தெற்கே றாகமை வரை இறங்கி, மறுபடி வடக்கே ஏற வேண்டும். அது வீண் சுற்று. அநுராதபுரம் வரை பஸ்ஸில் போய், அங்கே ரயில் ஏறுவதே நல்லது. தலைமன்னார் பாதை 2015 இலும், யாழ்ப்பாணம் வரையான பாதை 2014 இலும் மீண்டும் திறக்கப்பட்டன. முதியவர்களுக்கும் கைக்குழந்தையோடு போகும் தாய்மாருக்கும் மலசலகூடம் உள்ள ரயில் ஆறுதல். ஒரு ரயிலைத் தவறவிட்டால் அடுத்ததற்குப் பல மணி நேரம் காத்திருக்க நேரும். நேரத்தை முதல் நாளே கேட்டறியுங்கள்.

வாடகை வாகனம்

கட்டில், அலுமாரி, தகரம் ஏற்றும்போதும், ஐந்தாறு பேர் ஒன்றாகப் போகும்போதும் வானோ லொறியோ இலாபம். பக்கத்து வீட்டாரோடு செலவைப் பங்கிடுங்கள். காத்திருப்புக் கூலி, திரும்பும் பயணம் இரண்டையும் முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளுங்கள். புத்தளம்–அநுராதபுரம் வீதியில் கருவலகஸ்வெவப் பக்கம் இரவில் யானை வரும். விடியற்காலையில் புறப்படுங்கள். எந்த வாகனத்தில் போனாலும், மிதிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள இடத்தில் வீதியை விட்டு இறங்க வேண்டாம்.

விமானம்

பலாலி விமான நிலையம் 2019 இல் சர்வதேச நிலையமாகத் திறக்கப்பட்டது. ஆனால் உள்நாட்டு விமானம் ஏற நீங்கள் முதலில் கொழும்புக்குத் தெற்கே இரத்மலானை வரை போக வேண்டும். அந்த நேரத்துக்குள் பஸ்ஸில் அநுராதபுரத்தைத் தாண்டியிருப்பீர்கள்.

வீட்டில் கணக்குப் பாருங்கள்

வாசலிலிருந்து வாசல் வரை எழுதுங்கள்: பஸ் தரிப்பிடம் வரை முச்சக்கர வண்டி, டிக்கெட், வழியில் சாப்பாடு, இறங்கிய பின் கடைசித் தூரம், இழக்கும் கூலி, தங்கினால் அதன் செலவு. டிக்கெட் மலிவான வழி இந்தக் கூட்டலில் சில வேளை கூடுதலாகிவிடும்.

கலந்துரையாடுங்கள்

1. அடுத்த பயணத்தில் முடிக்க வேண்டிய வேலை எது? அதற்கு எத்தனை பேர் கட்டாயம் போக வேண்டும்?
2. ஒரே நாளில் எந்த இரண்டு அலுவலக வேலைகளைச் சேர்த்து முடிக்கலாம்?
3. உம்மா, வாப்பாவை ஊர் பார்க்க அழைத்துப்போவது எந்த வழியில்? அவர்களிடமே கேட்டீர்களா?