குடிநீரில் அடங்கிய மின்சக்தி: பெங்களூர் நகரின் கணக்கு

பெங்களூர் நகரம் கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், ஒரு மேட்டு நிலத்தின் முகட்டில் அமைந்திருக்கின்றது. அதன் அருகே பேராறு எதுவும் இல்லை. அங்கே பெய்யும் மழை இருபுறமும் வழிந்து, ஒரு பக்கம் அர்க்காவதி வழியே காவிரியையும், மறுபக்கம் தென்பெண்ணையையும் சென்று சேர்கின்றது. இத்தகைய இடத்தில் குடியேறிய மக்கள் ஏரிகளை வெட்டி, மழை நீரைத் தேக்கி வாழ்ந்து வந்தனர். கெம்பே கௌடர் பேருந்து நிலையம் இன்று உள்ள இடத்தில் முன்பு தர்மாம்புதி ஏரி இருந்தது. கண்டீரவா விளையாட்டரங்கு எழுந்திருப்பது சம்பங்கி ஏரியின் தரையில்தான். ஏரிகள் போயின, நகரம் வளர்ந்தது. இப்பொழுது அந்நகரத்தார் குழாயில் பெறும் நீர் பெரும்பாலும் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள காவிரியிலிருந்து, மின்சக்தியினால் மேலேற்றப்பட்டு வருகின்றது.

நீர்ச் சிக்கனத்தையும் மின் சிக்கனத்தையும் நம் பள்ளிகளில் தனித்தனிப் பாடங்களாகக் கற்பிக்கின்றோம். அலுவலகங்களிலும் அவற்றுக்குத் தனித்தனிப் பதிவேடுகளே உள்ளன. மேட்டு நகரங்களில் இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பது பெரும் பிழை என்பதைச் சில எளிய கணக்குகளால் ஆசிரியர்களுக்கும் களப் பணியாளர்களுக்கும் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நினைவிற் கொள்ள வேண்டிய ஓர் எண்

ஒரு கன மீட்டர் நீர், அதாவது 1,000 லிட்டர், 1,000 கிலோகிராம் எடையுள்ளது. அதனை ஒரு மீட்டர் உயரத்திற்குத் தூக்க 9,810 ஜூல் வேலை செய்தல் வேண்டும். நாம் மின்மானியில் 'யூனிட்' என்று படிக்கும் ஒரு கிலோவாட் மணி 36 லட்சம் ஜூலுக்குச் சமம். 36 லட்சத்தை 9,810 ஆல் வகுத்தால் 367 கிடைக்கின்றது. ஆகவே, எவ்வித விரயமும் இல்லாத பம்பு ஒன்று இருக்குமானால், அது ஒரு யூனிட் மின்சாரத்தைக் கொண்டு ஒரு கன மீட்டர் நீரை 367 மீட்டர் உயரத்திற்கு ஏற்றும். இந்த 367 என்னும் எண்ணை மனத்திற் கொண்டால், நீரேற்றம் பற்றிய எந்தக் கணக்கையும் ஒரு துண்டுத் தாளில் போட்டுவிடலாம்.

விரயமில்லாத பம்பு உலகில் இல்லை. பெரிய நிலையங்களில் நல்ல முறையிற் பேணப்படும் பம்பும் மோட்டாரும் சேர்ந்து, பெற்ற மின்சக்தியில் நூற்றுக்கு 70 முதல் 75 பங்கு வரை நீரில் சேர்க்கும். வீட்டுக் கிணற்றிலுள்ள சிறு பம்புகள் 30 அல்லது 40 பங்கைச் சேர்த்தாலே பெரிது.

காவிரி ஏறி வரும் வழி

பெங்களூருக்கு யந்திரத்தால் நீர் கொண்டுவரும் ஏற்பாடு காவிரியிலிருந்து தொடங்கவில்லை. 1896-இல் அர்க்காவதியின் மேல் உள்ள ஹெசரகட்டா ஏரியிலிருந்து நீர் பெறப்பட்டது. சோலதேவனஹள்ளியில் நீராவி யந்திரங்கள் அதனை மேலேற்றின. 1933-இல் அர்க்காவதியும் குமுத்வதியும் கூடுமிடத்தில் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம் வந்தது. நாளடைவில் இவ்விரண்டிற்கும் நீர்வரத்துக் குன்றியது. பின்னதில் நகரக் கழிவும் கலந்தது. காவிரித் திட்டத்தின் முதற்கட்டம் 1974-இல் நிறைவேறி, நாளொன்றுக்கு 13.5 கோடி லிட்டர் நீர் தந்தது. அதன்பின் ஒவ்வொரு கட்டமாக விரிந்து, 2012-இல் மொத்த அளவு ஏறத்தாழ 145 கோடி லிட்டரை எட்டியது. 2024 அக்டோபரில் தொடங்கப்பெற்ற ஐந்தாம் கட்டம் மேலும் 77.5 கோடி லிட்டருக்கென அமைக்கப்பட்டதாகும்.

சிவசமுத்திரத்து நீர்வீழ்ச்சிக்கு மேற்புறம் உள்ள சிவா அணைக்கட்டில் பிரிக்கப்படும் நீர் தொரேகாடனஹள்ளியை அடைந்து சுத்தம் செய்யப்படுகின்றது. அங்கிருந்து மூன்று படிகளில், அதாவது தொரேகாடனஹள்ளி, ஹாரோஹள்ளி, தாதகுணி ஆகிய மூன்று நிலையங்களில், பம்புகள் அதனை நகரத்தை நோக்கித் தள்ளுகின்றன. நிலத்தின் ஏற்றமும், நெடுங்குழாயின் உராய்வால் நேரும் இழப்பும் சேர்ந்து, இம்மூன்று படிகளிலும் ஆகும் உழைப்பு ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்திற்கு நீரைத் தூக்குவதற்கு ஒப்பானது.

இப்பொழுது நம் எண்ணைப் பயன்படுத்துவோம். 500-ஐ 367 ஆல் வகுக்க 1.36 யூனிட். பம்பு, மோட்டார் ஆகியவற்றின் விரயத்தைச் சேர்த்தால், ஒவ்வொரு கன மீட்டர் நீருக்கும் ஏறத்தாழ 1.9 யூனிட். நாளொன்றுக்கு 145 கோடி லிட்டர் என்பது 14.5 லட்சம் கன மீட்டர்; அதற்கு வேண்டுவது சுமார் 27 லட்சம் யூனிட். இஃது இரவு பகலாக 110 மெகாவாட்டுக்கு மேல் ஓயாது செலவிடுவதாகும். ஐந்தாம் கட்டம் முழு அளவில் இயங்கும் நாளில் இன்னும் 14, 15 லட்சம் யூனிட் கூடும்.

ஓர் ஒப்புமையை இங்கே குறிப்பிடாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. இதே சிவசமுத்திரத்தில் 1902-இல் காவிரி நீரைக் கொண்டு மின்சாரம் உண்டாக்கப்பட்டு, கோலார் தங்கச் சுரங்கங்களுக்கு அனுப்பப்பட்டது. 1905-இல் பெங்களூர் நகருக்கு ஒளி தந்ததும் அம்மின்சாரமே. அந்நிலையத்தின் திறன் இப்பொழுது 42 மெகாவாட். ஆற்றின் வீழ்ச்சி முழுவதையும் அந்நிலையம் இடைவிடாது மின்சாரமாக்கினாலும், அருகிலிருந்து நகருக்கு நீரை ஏற்றும் பம்புகளின் தேவையில் பாதிக்கும் அது போதாது.

வகுப்பறையில் இக்கணக்கு மாணவர் மனத்தில் பதிய, மனித உழைப்பைக் கொண்டு சொல்வது நலம். உடல் வலிமையுள்ள ஒருவர் எட்டு மணி நேரம் விடாது உழைத்தால் ஏறத்தாழ 0.6 யூனிட் வேலை செய்வார். ஆகவே 1,000 லிட்டர் நீரை மாத்திரம் இவ்வாறு மேலேற்ற ஒருவர் இரண்டு நாளுக்கு மேல் பாடுபட வேண்டும். நகர மக்களுக்கு ஆளொன்றுக்கு நாளுக்கு 135 லிட்டர் என்பது நம் நாட்டில் கொள்ளப்படும் அளவு. ஐவர் கொண்ட குடும்பத்துக்கு 675 லிட்டர். அதனை மேலேற்ற ஆகும் மின்சாரம் மாதத்திற்கு 38 யூனிட் அளவில் இருக்கும். இது அவ்வீட்டு மின்மானியில் ஏறுவதில்லை. ஏறாத காரணத்தாலேயே அதை யாரும் எண்ணுவதில்லை.

கசிவு எங்கே நிகழ்கின்றது?

இந்திய நகரங்கள் பலவற்றில் அனுப்பப்படும் நீரில் மூன்றிலொரு பங்கு வரை கணக்கில் வராமற் போகின்றது. இதில் ஒரு பகுதி அளவுமானிப் பிழையாலும் அனுமதியற்ற இணைப்பாலும் நேர்வது. அந்த நீரை யாரோ ஒருவர் பயன்படுத்தவே செய்கின்றார். மற்றது உண்மையான ஒழுக்கு. களப் பணியாளர் இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்ளலாகாது.

ஒழுக்கிலும் இடத்தைப் பொறுத்து வேறுபாடு உண்டு. தொரேகாடனஹள்ளியில் பம்பினுள் புகுமுன் ஒழுகும் லிட்டரில் நாம் இழப்பது நீரையும் அதைச் சுத்தம் செய்த செலவையுமே. ஹாரோஹள்ளிக்கு அப்பால் ஒழுகினால் இரண்டு படிகளின் மின்சக்தியும் உடன் போகின்றது. நகரத்தின் தெருக் குழாயில் ஒழுகும் லிட்டரோ மூன்று படிகளும் ஏறி வந்த நீர். அதற்கான சக்தி முழுவதும் மண்ணில் இறங்குகின்றது. நூறு லிட்டர் அனுப்பி முப்பது லிட்டர் தெருவில் ஒழுகுமானால், வீட்டை அடையும் நீர் ஒவ்வொரு கன மீட்டருக்கும் 1.9 யூனிட்டன்று, 2.7 யூனிட் செலவாகியிருக்கும். ஆதலின், பழுது நீக்கும் ஆட்களும் பொருள்களும் குறைவாக உள்ள நிலையில், கடைசிப் படிக்குப் பிற்பட்ட குழாய்களை முதலிற் கவனிப்பதே எம் கருத்தில் முறையாகும். பளிச்சென்று கண்ணுக்குத் தெரியும் பெரிய உடைப்பு சில மணி நேரத்தில் அடைபட்டுவிடும். மண்ணுக்குள் மாதக்கணக்கில் கசியும் சிறு இணைப்புகளே மொத்தத்தில் அதிகம் குடிப்பவை.

மண்ணில் இறங்கிய நீர் வீணாகவில்லை, நிலத்தடி நீராகச் சேர்கின்றதே என்று சிலர் கேட்பதுண்டு. அக்கேள்வியில் உண்மை இருக்கின்றது. நகரின் நடுப்பகுதியில் நிலத்தடி நீர் மட்டம் உயர்ந்து நிற்பதற்குக் குழாய்க் கசிவும் ஒரு காரணம் என ஆய்வாளர் கருதுகின்றனர். ஆயினும் அதனை மீண்டும் எடுக்க மறுபடியும் ஒரு பம்பு வேண்டும். சாக்கடையோடு கலந்திருக்கக் கூடுமாகையால் மறுபடியும் சுத்தம் செய்தல் வேண்டும்.

குழாயின் அழுத்தம் கூடினால் ஒழுக்கும் கூடும். மக்கள் உறங்கும் இரவு நேரத்தில் அழுத்தத்தைத் தணித்து வைப்பது பைசாச் செலவில்லாத சிக்கன முறை. விட்டுவிட்டு நீர் வழங்கும் நகரங்களில் இன்னொரு விரயமும் உண்டு. அரும்பாடுபட்டு ஏற்றிய அழுத்தத்துடன் வரும் நீரை, வீட்டுக்காரர் தரைக்குக் கீழே உள்ள தொட்டியில் விழவிட்டு, அழுத்தம் அனைத்தையும் இழந்தபின் சிறு மோட்டாரால் மாடித் தொட்டிக்கு மீண்டும் ஏற்றுகின்றார். தொடர்ந்து நீர் வரும் என்ற உறுதி இருந்தால் அத்தொட்டியும் மோட்டாரும் பல வீடுகளுக்குத் தேவைப்படா.

ஆழ்குழாய்க் கிணறு, கடல் நீர், மழை நீர்

காவிரி நீர் எட்டாத புறநகர்ப் பகுதிகளில் மக்கள் ஆழ்குழாய்க் கிணறுகளை நம்பி வாழ்கின்றனர். 2024-ஆம் ஆண்டு கோடையில் அவற்றுள் மிகப் பல வறண்டு, நகரம் பெருந் துன்பத்திற்கு உள்ளானதை வாசகர் அறிவர். சொந்தக் கிணற்று நீர் செலவில்லாதது என்பது பொதுவான எண்ணம். 30 மீட்டர் ஆழத்தில் நீர் கிடைத்த காலத்தில் அது பெரும்பாலும் சரி. நூற்றுக்கு 40 பங்கு திறனுள்ள சிறு பம்பு அதை எடுக்க ஒரு கன மீட்டருக்கு 0.2 யூனிட் போதும். நீர் மட்டம் 300 மீட்டருக்கு இறங்கிவிட்டால் அதே பம்பு 2 யூனிட் கேட்கும். அதாவது 100 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள காவிரியைக் கொண்டுவருவதும், காலடியில் உள்ள நீரை எடுப்பதும் மின்சாரத்தில் ஒரே விலையாகிவிடுகின்றன.

கடற்கரை நகரங்களின் நிலை வேறு. சென்னைக்கு 2010-இல் மீஞ்சூரிலும் 2013-இல் நெம்மேலியிலும் நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் தரும் கடல்நீர்ச் சுத்திகரிப்பு ஆலைகள் அமைந்தன. இம்முறையில் உப்பை நீக்க, ஒரு கன மீட்டருக்கு 3 முதல் 4 யூனிட் வரை பொதுவாகச் செலவாகும். காவிரியை மேட்டுக்கு ஏற்றுவதைக் காட்டிலும் இஃது ஏறத்தாழ இருமடங்கு. மழை பொய்த்த ஆண்டிலும் நீர் தரும் என்பதற்காக நகரம் கொடுக்கும் விலை அது. மறு கோடியில் மும்பை இருக்கின்றது. 1892-இல் கட்டி முடிக்கப்பெற்ற தான்சா அணை நகரைவிட உயரமான இடத்தில் உள்ளதால், அதன் நீர் தன் எடையாலேயே நகரை நோக்கி ஓடி வருகின்றது. ஒரு லிட்டர் நீரைச் சேமிப்பதால் மிஞ்சும் மின்சக்தி ஊருக்கு ஊர் வேறுபடும் என்பதை ஆசிரியர்கள் வலியுறுத்தல் வேண்டும்.

பெங்களூரில் ஆண்டுக்குச் சராசரி 970 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கின்றது. 100 சதுர மீட்டர் கூரையில் விழும் மழையில் ஐந்தில் நான்கு பங்கைச் சேர்த்தாலும் ஏறக்குறைய 78 கன மீட்டர் கிடைக்கும். இந்நீர் ஏற்கெனவே மாடியின் உயரத்தில் இருக்கின்றது! காவிரி நீருக்குப் பதிலாக இதனைப் பயன்படுத்தினால் ஆண்டுக்கு 148 யூனிட் மிஞ்சும். குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட மனைகளில் மழை நீர்ச் சேகரிப்பு 2009-இல் அங்கே சட்டத்தால் கட்டாயமாக்கப்பட்டது.

கழிவு நீரைச் சுத்தம் செய்யக் காற்றூட்டும் முறைக்குக் கன மீட்டருக்கு ஏறத்தாழ 0.3 முதல் 0.6 யூனிட் ஆகும். தோட்டம், கட்டட வேலை, தொழிற்சாலைக் குளிர்விப்பு ஆகியவற்றுக்கு இந்நீரை நகருக்குள்ளேயே பயன்படுத்துதல் புது நீரை ஏற்றுவதைவிட மலிவு. 2018 முதல் பெங்களூரின் சுத்திகரித்த கழிவு நீர் கோலார் மாவட்டத்து ஏரிகளுக்கு அனுப்பப்படுகின்றது. காவிரியின் மின்சாரத்தை 1902-இல் பெற்ற கோலார், காவிரியின் நீரையே இவ்வாறு சுற்றுவழியில் பெறுகின்றது.

களப் பணியாளருக்கு ஒரு சோதனை

சிற்றூர் நீரேற்று நிலையத்திலும் செய்யக்கூடிய சோதனை இது. ஒரு நாளில் ஏற்றிய நீரைக் கன மீட்டரிலும், செலவான மின்சாரத்தை யூனிட்டிலும் குறித்துக்கொள்க. பம்பின் வெளிவாய் அழுத்தமானியைப் பார்த்து மொத்த ஏற்றத்தை மீட்டரில் கணக்கிடுக. நீர் மட்டம் பம்புக்குக் கீழே இருந்தால் அந்த ஆழத்தையும் சேர்த்துக் கொள்ளல் வேண்டும். மின்சாரத்தை நீரின் அளவால் வகுத்து, வந்ததை 367 ஆல் பெருக்கி, அப்பெருக்கத் தொகையால் ஏற்றத்தை வகுத்தால் பம்பின் பயனுறு திறன் கிடைக்கும்.

உதாரணமாக, ஏற்றம் 40 மீட்டர், கன மீட்டருக்குச் செலவு 0.25 யூனிட் எனக் கொள்வோம். 0.25-ஐ 367 ஆல் பெருக்க 91.75; 40-ஐ அதனால் வகுக்க 0.44. நூற்றுக்கு 44 பங்கே பயனாகின்றது. பம்பின் சுழலி தேய்ந்திருக்கலாம், குழாயின் உட்புறம் துருவேறிக் குறுகியிருக்கலாம், அல்லது தேவைக்குப் பொருந்தாத பம்பைப் பொருத்தியிருக்கலாம். குழாய் குறுகியிருக்கின்றதா என்பதை அவசியம் பார்க்க வேண்டும். ஒரே அளவு நீர் பாயும்போது உள் விட்டம் பாதியாகக் குறைந்தால் உராய்வு இழப்பு ஏறத்தாழ 32 மடங்காகும். இந்தச் சோதனையில் அவ்விழப்பு பம்பின் குறையாகத் தோன்றாது. ஏற்றம் கூடியதாகவே தோன்றும். ஆகையால் அழுத்தமானி காட்டும் ஏற்றத்தை நிலத்தின் உண்மையான உயரத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம்.

அதே பம்பு சீர் செய்யப்பட்டு, செலவு 0.15 யூனிட்டுக்கு இறங்குமானால், நாளுக்குப் பத்து லட்சம் லிட்டர் ஏற்றும் சிறு நகராட்சி நாளொன்றுக்கு 100 யூனிட், ஆண்டுக்கு 36,500 யூனிட் மிச்சப்படுத்தும். ஆசிரியர்கள் தம் ஊர் நீரேற்று நிலையத்திற்கு மாணவரை அழைத்துச் சென்று இக்கணக்கைப் போடச் செய்யலாம். மின்மானி, நீர்மானி, அழுத்தமானி ஆகிய மூன்றும் இயங்குகின்றனவா என்பதை முன்னரே போய்ப் பார்த்துவிட்டு வருதல் நன்று. பல நிலையங்களில் மூன்றாவதன் முள் பல ஆண்டுகளாக அசையாமல் நிற்கக் காணலாம்.