தூரத்தில் நின்ற சகோதரி
வேத பாடம்: யாத்திராகமம் 2:1-10



நாணற்பெட்டியில் கிடந்த மோசேயின் கதை சண்டே ஸ்கூல் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் நதியிலிருந்து எடுக்கப்பட்ட குழந்தை மறுபடியும் பெற்ற தாயின் மடிக்கு எப்படி வந்தது? நடுவிலே ஒரு சிறு பெண் நின்றாள். அவளிடம் பணமும் இல்லை, பதவியும் இல்லை. மூன்று காரியம் செய்தாள், அவ்வளவுதான். அதே ஊழியத்துக்கு நம்முடைய மாவட்டத்திலும் இடம் காலியாய் இருக்கிறது.

இன்றைய நதிக்கரை எது? அது குழந்தைகள் நலக் குழு. 2015-ம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டத்தின்படி மாவட்டந்தோறும் அமைக்கப்படுவது. ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள்; மாஜிஸ்திரேட்டுக்குரிய அதிகாரம் அவர்களுக்கு உண்டு. ரயில் நிலையத்தில் தனியாக நின்ற பிள்ளை, வேலைத்தலத்தில் மீட்கப்பட்ட பிள்ளை, வீட்டை விட்டு ஓடிவந்த பிள்ளை யாரானாலும், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் அந்தக் குழுவின் முன் கொண்டுவர வேண்டும். பிள்ளையை எங்கே தங்க வைப்பது, யாரிடம் ஒப்படைப்பது என்று குழுதான் உத்தரவிடும்.

1. அவள் நின்று பார்த்தாள்

குழந்தைக்கு என்ன ஆகுமோ என்று கண் எடுக்காமல் நின்றாள். நாமோ, "அந்த வீட்டுப் பிள்ளையை போலீஸ் கூட்டிட்டுப் போயிட்டாங்களாம்" என்று பேசிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அந்தத் தாய் செங்கல் சூளையில் கூலிக்கு நிற்கிறவளாய் இருக்கலாம். எந்த ஆபீஸ், எந்தத் தேதி என்றே அவளுக்குத் தெரியாது. ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போச்சு. ஆனால் காலம் காத்திருக்காது. குழு பெற்றோரைத் தேடும். தேடியும் ஒருவரும் வராமல், கைவிடப்பட்ட பிள்ளை என்று முடிவானால், இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளையை 2 மாதத்திலும், அதற்கு மேற்பட்ட பிள்ளையை 4 மாதத்திலும் தத்துக்கு உரியதாக அறிவிக்கச் சட்டம் சொல்லுகிறது. வழி தெரியாமல் வீட்டில் அழுதுகொண்டிருக்கிற தாய் எதை இழக்கக்கூடும் என்று யோசித்துப் பாருங்கள்.

2. அவள் மரியாதையாய்க் கேட்டாள்

அரமனைப் பெண்ணின் கையிலிருந்து குழந்தையைப் பிடுங்கவில்லை, கூச்சல் போடவில்லை. ஒரு கேள்வி கேட்டாள், அனுமதி பெற்றாள். நாமும் குழுவிடம் சண்டைக்குப் போக வேண்டாம். ஆதார், ரேஷன் கார்டு, பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று எது இருக்கிறதோ அதைச் சேர்த்துக்கொண்டு போங்கள். அதிகாரிகள் வீடு பார்க்க வந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லச் சொல்லுங்கள். வக்கீல் தேவைப்பட்டால் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். ஆபத்தில் இருக்கிற பிள்ளையைப் பற்றிச் சொல்ல 1098. வறுமைதான் பிரச்சினை என்றால், தகுதியுள்ள குடும்பத்துக்கு மிஷன் வாத்சல்யா திட்டத்தில் பிள்ளைக்கு மாதம் ரூ.4,000 உதவி உண்டு. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரியுங்கள்.

3. அவள் தாயையே அழைத்து வந்தாள்

இதைக் கவனியுங்கள். அவள் வேறே ஒரு செவிலித்தாயைத் தேடவில்லை; பெற்றவளையே கூட்டி வந்தாள். நாமோ பிள்ளை ஏழை என்று கண்டவுடனே, "நம்ம ஹோமில் விட்டுடுங்க அம்மா" என்கிறோம். பிள்ளையைக் குடும்பத்தோடு சேர்ப்பதே முதல் நோக்கம், இல்லத்தில் வைப்பது கடைசி வழி என்று சட்டமே சொல்லுகிறது. பதிவு செய்யாத இல்லம் நடத்தினால் ஒரு வருஷம் வரை சிறை, அல்லது ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். சட்டம் இருக்கட்டும், தகப்பனும் தாயும் உயிரோடிருக்கையில் நாம் போடும் சோறு அவர்களுடைய மடிக்கு ஈடாகுமா?

எச்சரிப்பு இரண்டு

முதலாவது, எல்லா வீடும் பத்திரமான வீடு அல்ல. பிள்ளையை அடித்து நொறுக்கினவனிடமோ, அதன் உடலைத் தொட்டுக் கெடுத்தவனிடமோ திரும்பச் சேர்க்க நாம் பரிந்து பேசக்கூடாது. அவன் நம் சபை விசுவாசியாய் இருந்தாலும் சரியே. பெற்றோர் தகுதியுள்ளவர்களா என்று தீர்மானிக்கிறது குழுவின் பொறுப்பு. நமக்குத் தெரிந்த உண்மையை அங்கே மறைக்காதிருப்போம்.

இரண்டாவது, சாட்சி சொல்லுகிறோம் என்று அந்தப் பிள்ளையின் பெயர், போட்டோ, பள்ளி எதையும் பத்திரிகையிலோ வாட்ஸ்அப்பிலோ போடாதீர்கள். அதைச் சட்டம் தடுக்கிறது. ஆறு மாதம் வரை சிறையோ இரண்டு லட்சம் வரை அபராதமோ உண்டு. பிள்ளை வளர்ந்தபின் தலைகுனிய நாம் காரணமாகக் கூடாது.

இந்த மாதம் செய்ய வேண்டியது

நம் மாவட்டக் குழு எங்கே, எந்த நாட்களில் கூடுகிறது என்று சபைக்கு ஒருவர் விசாரித்து எழுதி வையுங்கள். பஸ் செலவுக்கும் ஒரு நாள் கூலிக்கும் சிறு தொகை ஒதுக்குங்கள். தாயோடு கூடப் போய், பெஞ்சில் பக்கத்தில் உட்கார, படித்த சகோதரிகள் இருவர் முன்வாருங்கள். உபவாச ஜெபத்தில் அந்தப் பிள்ளைகளை நினையுங்கள். ஜெபம் முடிந்து எழுந்தபின் பஸ் ஏறுங்கள்.

தூரத்தில் நின்ற அந்தச் சிறு பெண் ஓடினாள். நாம் நடந்தாவது போவோமாக. ஆமென்.