நத்தார் ஆயத்தமும் பிள்ளை பராமரிப்பும்

குடும்பப் பாடம்
வாசிக்க: லூக்கா 2: 41-52



மார்கழி மாதம் பிறந்துவிட்டால் வேலைக்குப் போகும் தாய் தந்தையருக்குச் சுமை இரட்டிப்பாகிறது. வங்கியிலும் கந்தோரிலும் ஆண்டுக் கணக்கு முடிக்கும் காலம் அது. துணிக்கடையில் வேலை செய்பவர்கள் இருட்டிய பின்னரே வீடு திரும்பும் காலம். மருத்துவத் தாதிக்கோ பெருநாள் என்று கடமை முறை மாறுவதில்லை. இதே நாட்களில்தான் பாடசாலையும் முன்பள்ளியும் நத்தாருக்காக மூடப்படுகின்றன. வீட்டிலோ பலகாரம் சுட வேண்டும், பிள்ளைகளுக்கு உடுப்புத் தைக்கக் கொடுக்க வேண்டும், பாலன் குடில் கட்ட வேண்டும்.

ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். தாய் ஐந்தரை மணிக்குக் கந்தோரால் வருகிறாள். பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அயல்வீட்டு அம்மாவுக்குக் காய்ச்சல். "நாளைக்கு வேறு ஆளைப் பாருங்கோ பிள்ளை" என்கிறார். நாளைக்கு லீவு கேட்டால் கிடைக்காது. இந்தக் கவலையோடு அவள் எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைக்கிறாள். நாலு வயதுப் பிள்ளை ஓடி வந்து, "அம்மா, நானும் உருண்டை பிடிக்கட்டோ?" என்று கேட்கிறது. "எண்ணெய் கொதிக்குது, அங்கால போ!" என்று அதட்டுகிறாள். பத்தரை மணிக்குப் பலகாரம் முடிகிறது. பிள்ளை சாப்பிடாமலே கதவு மூலையில் உறங்கிவிட்டது. பேணி நிறையப் பணியாரம் இருக்கிறது. தாயின் கண்ணில் நீர் இருக்கிறது.

பிள்ளைகளுக்காகத்தானே இந்தப் பலகாரமெல்லாம்? ஆனால் பலகாரத்தின் நடுவே பிள்ளையைத் தவறவிட்டோமே! இது அந்த ஒரு தாயின் குற்றமன்று. நம்மில் பலருடைய வீடுகளில் நடப்பது. இதைப் பற்றி நற்செய்தி நமக்கு என்ன கற்பிக்கிறது என்று இன்று பார்ப்போம்.

திருக்குடும்பத்துக்கும் இது நேர்ந்தது

திருக்குடும்ப விழாவில் மூன்றாம் ஆண்டுக்குரிய நற்செய்தி வாசகம் பன்னிரண்டு வயதுச் சிறுவன் இயேசு காணாமற்போன நிகழ்ச்சியாகும். இதைக் கோவிலில் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால் இது ஒரு பெருநாட் பயணத்தில் நடந்தது என்பதை எத்தனை பேர் கவனித்தோம்?

சூசையப்பரும் மரியாளும் ஆண்டுதோறும் பாஸ்கா விழாவுக்கு எருசலேம் போவது வழக்கம் என்று லூக்கா எழுதுகிறார். நாசரேத்திலிருந்து எருசலேம் நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரம். கால்நடையாகப் பல நாட் பயணம். தனியே போகும் பாதையன்று, உற்றார் உறவினரோடு கூட்டமாகப் போவார்கள். திரும்பும் வழியில், மகன் அந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறான் என்று எண்ணி ஒரு நாட் பயணம் முழுவதும் நடந்துவிட்டார்கள். பின்னர் உறவினரிடமும் அறிந்தவரிடமும் தேடிக் காணாமல் எருசலேமுக்குத் திரும்பினார்கள். மூன்று நாட்களின் பின்னரே கோவிலில் அவரைக் கண்டார்கள்.

இதில் நாம் கற்க வேண்டியவை மூன்று.

முதலாவது, உலகிலேயே மிகப் பரிசுத்தமான பெற்றோரும் பிள்ளை யாரோடோ இருக்கிறான் என்று நம்பி ஏமாந்தார்கள். லூக்கா அவர்களைக் குறைகூறவில்லை. ஆகவே, "நான் நல்ல தாயல்ல" என்று இரவில் அழும் பெண்ணே, நீ தேவமாதாவுக்கு விளங்காத துயரொன்றைச் சுமக்கவில்லை.

இரண்டாவது, பிள்ளையைக் காணோம் என்று அறிந்ததும் இருவரும் திரும்பினார்கள். "நீ போய்த் தேடு, நான் ஊருக்குப் போய் வேலையைப் பார்க்கிறேன்" என்று தச்சரான சூசையப்பர் சொல்லவில்லை. மகனிடம் பேசும்போது மரியாளும் தான் மட்டும் தேடியதாகச் சொல்லாமல், தந்தையும் தானும் கவலையோடு தேடியதாகவே கூறுகிறார்.

மூன்றாவது, வழக்கமான பயணம் தடைப்பட்டது. ஊர்க்கூட்டம் முன்னே போய்விட்டது. அவர்கள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. வழக்கத்தை விடலாம், பிள்ளையை விட முடியாது.

பத்துக் கைகளின் வேலை

நம்முடைய பெருநாள் வழக்கங்கள் எப்படி உண்டாயின என்று சற்றுச் சிந்தியுங்கள். அம்மம்மா காலத்தில் பலகாரச் சூடு என்றால் அது தனியொருத்தியின் வேலையன்று. ஒருவர் பயறு வறுப்பார்; இருவர் உரலில் இடிப்பார்கள்; ஒருவர் அரிதட்டில் அரிப்பார்; பெரியம்மா பாகு பதம் பார்ப்பார்; சித்தி முறுக்குப் பிழிவார். சிறுபிள்ளைகள் உருண்டை பிடிப்பார்கள். கைக்குழந்தை ஒரு மடியிலிருந்து இன்னொரு மடிக்கு மாறிக்கொண்டிருக்கும். பிள்ளை பராமரிப்பும் பலகாரச் சூடும் ஒரே முற்றத்தில் நடந்தன.

இன்று அந்த முற்றத்தில் யார் இருக்கிறார்கள்? 1983ஆம் ஆண்டின் பின் நம்முடைய குடும்பங்கள் சிதறின. பெரியம்மா கனடாவில், சித்தி பிரான்சில், தம்பி கொழும்பில். அம்மம்மா இருந்தாலும் முழங்கால் நோவோடு இருக்கிறார். கைகள் குறைந்துவிட்டன; ஆனால் பலகாரப் பேணிகளின் எண்ணிக்கையை நாம் குறைக்கவில்லை. பத்துக் கைகள் சேர்ந்து செய்த வேலையை, பகல் முழுவதும் உத்தியோகம் பார்த்துக் களைத்த இரண்டு கைகள் செய்ய வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். செய்ய முடியாதபோது அந்தக் கைகளையே குறை சொல்கிறோம். இது நீதியாகுமா?

வழக்கங்கள் சுருங்கினால் நத்தார் அழிந்துவிடும் என்று அஞ்ச வேண்டாம். 1995ஆம் ஆண்டு ஐப்பசி 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் வீடுவாசலை விட்டுத் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் இடம்பெயர்ந்தார்கள். அந்த ஆண்டு நத்தாரை எத்தனையோ குடும்பங்கள் பாடசாலைக் கட்டடங்களிலும் உறவினர் வீட்டுத் திண்ணைகளிலும் மர நிழலிலும் கண்டன. உங்கள் வீட்டில் அதை அனுபவித்தவர்கள் இருந்தால் பிள்ளைகளோடு போய் அமர்ந்து கேளுங்கள். பலகாரப் பேணி இல்லாமலும் பாலன் பிறந்தார் என்று அவர்கள் சொல்வார்கள்.

தகப்பனின் பங்கு

"நான் மனுசிக்கு உதவி செய்கிறேன்" என்று சில தகப்பன்மார் பெருமையாகச் சொல்வதுண்டு. உதவி என்பது பிறர் வேலைக்குக் கைகொடுப்பது. பிள்ளை பிறருடையதன்று. திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1981ஆம் ஆண்டு குடும்பத்தைப் பற்றி வெளியிட்ட திருத்தூது ஊக்கவுரையில், பிள்ளைகளை வளர்த்தெடுப்பதில் தந்தைக்கு மனைவியோடு பகிர்ந்த பொறுப்பு உண்டு என்று வலியுறுத்தியுள்ளார். அதே ஆண்டு மனித உழைப்பைப் பற்றி அவர் எழுதிய சுற்றுமடலில், வேலையின் ஒழுங்குகள் குடும்ப வாழ்வின் தேவைகளை மதித்து அமைய வேண்டும் என்று கற்பித்தார்.

இதை வாசிப்பவர்களுள் கடை முதலாளிகளும் கந்தோர் அதிகாரிகளும் இருப்பீர்கள். உங்களுக்கும் இது பாடமே. நத்தாருக்கு முதல் நாள் பின்னேரம், சிறுபிள்ளை உள்ள ஒரு தாயையோ தந்தையையோ இரண்டு மணித்தியாலம் முன்னதாக வீட்டுக்கு அனுப்பிப் பாருங்கள். நத்தார்க் காசு கொடுப்பதிலும் அது பெரிய கொடை.

யாரிடம் விடுவது?

பிள்ளை பார்க்க ஆள் இல்லாதபோது நாம் செய்யும் இரண்டு தவறுகளைச் சொல்லாமல் விட முடியாது.

ஒன்று, நம் பிள்ளையைப் பார்க்க இன்னொருவர் பிள்ளையை வைப்பது. வறிய வீட்டுச் சிறுமியை அழைத்து வந்து குழந்தை பார்க்க விடும் பழக்கம் நம்மவரிடையே நெடுங்காலம் இருந்தது. 2021ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்துக்குப் பின் நம் நாட்டில் வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக்குறைந்த வயது 16. ஆனால் சட்டம் சொல்லுமுன்னரே மனச்சாட்சி சொல்லியிருக்க வேண்டும். நம் பிள்ளை புது உடுப்போடு குடிலின் முன் நிற்க, தாயைக் காணாத இன்னொரு பிள்ளை நம் குசினியில் நிற்குமானால், அந்தக் குடிலின் முன் நாம் எந்த முகத்தோடு முழந்தாட்படியிடுவது? வயது வந்த ஒரு பெண் வேலைக்கு இருந்தாலும் அவருக்கும் வீடும் பிள்ளைகளும் உண்டு. சம்பளத்தை முன்னதாகக் கொடுத்து, நத்தாருக்கு அவரை வீட்டுக்கு அனுப்புங்கள்.

மற்றது, மூத்த பெண்பிள்ளையைக் குட்டித் தாயாக்குவது. விடுமுறை விட்டதும் தம்பியையும் தங்கச்சியையும் அவள் தலையில் கட்டிவிடுகிறோம். அவளுடைய விடுமுறை எங்கே? அண்ணனுக்கும் அதில் பங்கு கொடுங்கள். இருவருக்கும் விளையாட நேரம் கொடுங்கள்.

அப்படியானால் வழி என்ன? இழந்த முற்றத்தை அயலில் மீண்டும் உண்டாக்குவதே வழி. அன்பியத்தில் நான்கு குடும்பங்கள் சேர்ந்து முறை வைக்கலாம். திங்கட்கிழமை ஒரு வீடு, செவ்வாய்க்கிழமை இன்னொரு வீடு. லீவு உள்ள பெற்றோர் அன்றைக்கு நான்கு வீட்டுப் பிள்ளைகளையும் பார்ப்பார்கள். தமக்கு வேண்டிய பலகாரத்தையும் நான்கு வீட்டாரும் ஒரு சனிக்கிழமை ஒரே முற்றத்தில் சுட்டுப் பங்கிடலாம். பிள்ளைகள் வளர்ந்துவிட்ட வீட்டுப் பெரியவர்களே, "அவசரமென்றால் பிள்ளையை இங்கே கொண்டு வந்து விடு பிள்ளை" என்று நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தை, ஓர் இளந்தாய்க்கு எவ்வளவு ஆறுதல் தெரியுமா?

எதை வைப்பது, எதை விடுவது?

பிள்ளை எதில் நம்மோடு சேர முடியுமோ அதை வையுங்கள். பிள்ளையைத் துரத்தினால்தான் செய்ய முடியும் என்பதைக் குறையுங்கள்.

பாலன் குடிலை எடுத்துக்கொள்வோம். 1223ஆம் ஆண்டு இத்தாலியிலுள்ள கிரேச்சோ என்ற சிற்றூரில் அசிசியாரான புனித பிரான்சிஸ் ஒரு முன்னிட்டியையும் வைக்கோலையும் ஒரு மாட்டையும் ஒரு கழுதையையும் வைத்தே நத்தாரைக் கொண்டாடினார். விலையுயர்ந்த சொரூபங்கள் இல்லை, மின்குமிழ்கள் இல்லை. உங்கள் வீட்டுக் குடிலும் பிள்ளையின் கையால் ஆகட்டும். திருவருகைக் காலத்தில் ஒவ்வோர் இரவும் பிள்ளை தான் செய்த நற்செயல் ஒன்றுக்கு ஒரு வைக்கோலைத் தொட்டிலில் இடட்டும். அதற்கு ஐந்து நிமிடம் போதும். களைத்து வந்த தந்தையும் பக்கத்தில் அமரலாம்.

பலகாரம் ஐந்து வகை வேண்டாம், ஒரு வகை போதும். பயற்றம் பணியாரத்துக்கு மாவைக் குழைத்து உருண்டை பிடிக்கும் வேலை எண்ணெய்ச் சட்டி வைக்குமுன் முடிந்துவிடும். அந்த நேரம் பிள்ளையினுடையது. உருண்டை கோணலாயிருந்தால் இருக்கட்டும். பிறகு பிள்ளையைத் தகப்பனோடு அனுப்பிவிட்டு எண்ணெய்ச் சட்டியை வையுங்கள். மற்றப் பலகாரத்தைக் கடையில் வாங்கியதற்காக எவரும் வெட்கப்பட வேண்டாம்.

நள்ளிரவுத் திருப்பலிக்குக் கைக்குழந்தையோடு போக முடியாதவர்கள் மனம் வருந்த வேண்டியதில்லை. நத்தாருக்குத் திருச்சபை நான்கு திருப்பலிகளை வைத்திருக்கிறது: மாலைத் திருவிழிப்பு, இரவு, விடியற்காலை, பகல். இரவுக் கடமை முடிந்து வரும் தாதியும் பகற் பூசை காணலாம். தாயும் தந்தையும் முறை மாறிப் போகலாம்.

நத்தார் ஒரே நாளில் முடிவதுமில்லை. எட்டு நாட்கள் அதன் பெருவிழாவே. அதைத் தொடர்ந்து மூவிராசாக்கள் திருநாளும் ஆண்டவரின் திருமுழுக்கு விழாவும் வரும்வரை நத்தார்க் காலம் நீடிக்கிறது. ஆகவே உறவினர் வீட்டுக்குப் போவதையும் விருந்தழைப்பதையும் ஒரே நாளில் திணிக்க வேண்டாம். லீவு கிடைக்கும் நாளில் ஆறுதலாகச் செய்யுங்கள்.

குடும்பமாகச் சிந்திக்க

1. சென்ற ஆண்டு நத்தாரில் உங்களுக்குப் பிடித்தது எது என்று பிள்ளைகளைக் கேளுங்கள். அவர்கள் சொல்வதில் எத்தனை காசு கொடுத்து வாங்கியவை?

2. நம் வீட்டு ஆயத்தங்களில் அம்மா மட்டும் செய்பவை எவை? அவற்றில் அப்பா எவற்றை ஏற்பார்? பிள்ளைகள் எவற்றை ஏற்பார்கள்?

3. பிள்ளை பார்க்க ஆளில்லாமல் தவிக்கும் குடும்பம் நம் அயலில் உண்டா? இந்த வாரம் நாம் என்ன செய்யப் போகிறோம்?

பெற்றோரே, மரியாளும் சூசையப்பரும் மூன்று நாட் கவலையின் பின் மகனைக் கண்டு நாசரேத்துக்குக் கூட்டிச் சென்றார்கள். அங்கே அவர் அவர்களுக்குப் பணிந்து வளர்ந்தார். ஊர்க்கூட்டத்தோடு சேர்ந்து வரவில்லையே என்று நாசரேத்தூரார் யாராவது குறை சொன்னார்களோ, நற்செய்தியில் அது இல்லை. பலகாரம் குறைந்ததென்று அயலார் சொல்வதும் நாலு நாளில் மறந்துபோகும். இந்த நத்தாருக்கு, "அம்மா, நானும் உருண்டை பிடிக்கட்டோ?" என்ற குரல் உங்கள் குசினியில் கேட்கும். அடுப்பை மூட்டுமுன் திரும்பிப் பாருங்கள்.